பதிவேட்டில் போட்ட கையெழுத்து

ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி (ஓ.எச்.டி.) ஆபரேட்டராக இருந்த காலத்தில் குளோரின் பதிவேட்டில் நான் போட்ட கையெழுத்துகளில் பெரும்பாலானவை பொய். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடாமலே போட்டதாக எழுதினேன். மாதக் கடைசியில் உட்கார்ந்து எல்லா நாளுக்கும் ஒரே மூச்சில் எழுதியதும் உண்டு.

தெரியாமல் செய்ததில்லை. எங்கள் தொட்டி 30,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் 120 கிராம் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஏணியேறி ஊற்ற வேண்டும். அரைமணி நேரமாவது கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரில் ஆர்த்தோடோலிடின் சொட்டு விட்டால், குளோரின் மிஞ்சியிருப்பதைக் காட்டும் மஞ்சள் நிறம் வர வேண்டும். எல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள்.

"டீயில மருந்து வாடை அடிக்குது தம்பி" என்று பெண்கள் சொன்னது உண்மைதான். அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். தினமும் வாளியோடு ஏற எனக்குச் சோம்பல், அவ்வளவே. போர் தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போர் தண்ணீர் சுத்தம்தான். கெட்டது வழியில். தெற்குத் தெருவில் குழாய் சாக்கடையைத் தாண்டும் இடத்தில் இணைப்பு விட்டிருந்தது. தண்ணீர் ஓடும்போது அதன் வழியாக வெளியே கசியும். வால்வை அடைத்ததும் குழாய்க்குள் அழுத்தம் போய்விடும். அதே விரிசல் சாக்கடையை உள்ளே இழுக்கும். மறுநாள் முதல் குடத்தில் அதுதான் வரும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது குழாய்முனையில் மிஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்வது, இப்படி இடையில் நுழைகிற கிருமிக்காகத்தான். அவ்வளவு சாக்கடையையும் அந்தத் துளி குளோரின் கொன்றிருக்குமா என்று கேட்கலாம். கொன்றிருக்காது என்றே வைத்துக்கொள்வோம். ஊரெல்லாம் மஞ்சள் வந்து தெற்குத் தெருவில் மட்டும் வராமல் போயிருந்தால், விரிசல் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

மழைக்காலத்தில் அந்தத் தெருவில் வாந்திபேதி தொடங்கியது. பரிசோதனையில் காலரா என்று வந்தது. ஒரு பாட்டியை ஆட்டோவில் ஏற்ற நானும் கைகொடுத்தேன். கஞ்சித் தண்ணீர் போலப் போய்க்கொண்டே இருந்தது. கண்கள் குழிக்குள் இறங்கியிருந்தன. புறங்கைத் தோலைக் கிள்ளினால் கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. அது ஏன் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். காலரா கிருமி குடலைத் துளைப்பதில்லை. அது விடுகிற நஞ்சு, குடல் சுவரை உடம்பின் உப்பையும் நீரையும் கொட்ட வைக்கிறது. கடுமையானால் மணிக்கு ஒரு லிட்டர் வரை. அந்த நஞ்சை 1959இல் கொல்கத்தாவில் காட்டியவர் சம்பு நாத் டே. 1971இல் வங்கதேச அகதிகளுக்கான முகாமில் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். குடலில் நஞ்சு இருக்கும்போதும் குளுக்கோஸ் உப்பைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகும், தண்ணீரும் கூடவே போகும். அந்த உப்பு-குளுக்கோஸ் கலவை பாக்கெட்டாக எங்கள் ஊரிலும் கிடைத்தது. பாட்டிக்கு விழுங்கும் தெம்பு போன பிறகுதான் வீட்டார் அதைக் கரைத்தார்கள். ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

விசாரணைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் புரட்டினார்கள். எல்லா நாளும் குளோரின் போட்டிருந்தது. உடைந்த குழாய்தான் காரணம் என்று எழுதிப் போனார்கள். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பொய்யால் வேலை தப்பியது.

பணி ஓய்வுக்குப் பின், இதை எழுதும் முன், பாட்டியின் மகன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "பவுடர் வராம இருந்துச்சாண்ணே?"

வந்திருந்தது. மூட்டை மோட்டார் அறையில்தான் இருந்தது என்றேன்.