தாய்மொழி என்றொரு கட்டம்

இருங்காட்டுக்கோட்டையில் மொழிகளுக்குப் பஞ்சமே கிடையாது. 1998-ல் ஹூண்டாய் ஆலையோடு வந்து இறங்கிய கொரிய எழுத்து இன்று உணவகப் பலகை, மளிகைக்கடைப் பலகை வரை வந்துவிட்டது. ஷிப்ட் முடிகிற நேரத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையோர டீக்கடையில் பத்து நிமிடம் நின்றால் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாம் காதில் விழும். சிலவற்றை என்ன மொழி என்று நம்மால் சொல்லவே முடியாது.

இந்தப் பகுதியில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு நாங்கள் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி வீடியோவை எந்தெந்த மொழிகளில் டப்பிங் செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அதற்காக ஓர் எக்செல் கோப்பு என்னிடம் வந்தது. அதில் 'தாய்மொழி' என்று ஒரு நெடுவரிசை. தொழிலாளர்கள் படிவத்தில் எழுதியதை அப்படியே தட்டச்சு செய்திருந்தார்கள். 'போஜ்பூரி' மட்டும் ஏழு விதமான எழுத்துக்கூட்டலில் இருந்தது. மைதிலி, சந்தாலி, மகஹி. சிலர் மொழிக்குப் பதிலாக மாவட்டத்தின் பெயரையே எழுதியிருந்தார்கள். கீழே போகப் போக இரண்டு இடங்களில் 'இருளா'. இன்னோர் இடத்தில் 'இருளர் பாஷை', பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'தமிழ்' என்று யாரோ சேர்த்திருந்தார்கள்.

இப்படிச் சிதறிக் கிடப்பதை ஒழுங்குபடுத்துவதுதான் எங்கள் தொழில். ஏழு போஜ்பூரிகளை ஒன்றாக்கி, அந்த ஒன்றை இந்திக்குக் கீழே போட்டு, கடைசியில் நான்கு மொழிகளில் வீடியோ என்று முடிப்பது. இருளா மூன்றும் தமிழுக்குள் போயின. டப்பிங் விஷயத்தில் அது சரியான முடிவுதான். அந்த மூன்று பேருக்கும் தமிழ் வீடியோ நன்றாகவே புரியும்.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது, பிரம்மாண்டமான அளவில். 2011-ல் மக்கள் தங்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளையும் மறுபெயர்களையும் சலித்த பிறகு மிஞ்சியவை 1,369 தாய்மொழிகள். அவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கியதில் கிடைத்தவை 121 மொழிகள். நாடு முழுக்க 10,000 பேருக்குக் கீழே பேசப்படுவது 'மற்றவை'யில் கலந்துவிடும். 1971 முதல் இதுதான் வழக்கம்.

இந்த அடுக்குமுறையில் நமக்கு நன்றாகத் தெரிந்த சண்டை ஒன்று உண்டு. 2011 கணக்குப்படி இந்தி பேசுவோர் 52.8 கோடி. ஆனால் அதற்குள்ளே ஐந்து கோடி போஜ்பூரிக்காரர்களும், ராஜஸ்தானி, சத்தீஸ்கரி, மகஹி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தி என்றே சொன்னவர்கள் 32 கோடிதான். "பாருங்க, எத்தனை மொழிய முழுங்கிட்டு நிக்குது" என்று நாம் எல்லாரும் ஒருமுறையாவது வாதாடியிருப்போம். நானும் கல்லூரி விடுதியில் வாதாடியிருக்கிறேன். வாதம் சரிதான். மைதிலி 1991 கணக்கெடுப்பு வரை இந்திக்குக் கீழேதான் இருந்தது. 2003-ல் எட்டாவது அட்டவணையில் சேர்ந்ததும் தனி மொழியாகிவிட்டது. பேசியவர்களின் நாக்கில் எதுவும் மாறவில்லை. அடுக்கு மாறியது.

அதே அட்டவணையில் 'தமிழ்' என்ற தலைப்புக்குக் கீழே பார்த்தால் எருகுலா, கொரவா, கைகாடியோடு 'இருளா/இருளர் மொழி' என்று ஒரு வரி. 12 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள். பத்தாயிரம் கோட்டைத் தொடுவதற்கு இன்னும் கொஞ்சம்தான் இடைவெளி. சுமார் 6.9 கோடித் தமிழர்கள் என்ற தொகையில் இவர்களும் சேர்த்தி. இந்தி போஜ்பூரியைக் கூட்டிக்கொள்ளும்போது வரும் கோபம் இங்கே ஏன் நமக்கு வரவில்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

தமிழ் வீடியோவைச் சோதித்துப் பார்க்கப் பயிற்சித் தொழிலாளர்கள் சிலரை அழைத்திருந்தார்கள். அதில் ஒரு பெண், கோத்தகிரிக்குக் கீழே சரிவில் இருக்கும் ஓர் ஊர். டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறாள். வீடியோ புரிந்ததா என்று கேட்டதற்கு, "நல்லா புரிஞ்சுது சார்" என்றாள்.

"வீட்லயும் தமிழ்தான் பேசுவீங்களா?"

"இல்ல சார். வீட்ல எங்க பாஷ. இருளா."

"இங்க யார்கிட்டயாவது பேச முடியுதா?"

"அம்மாகிட்ட போன்ல மட்டும். ரூம்ல பேசினா, இது கன்னடமா, மலையாளமான்னு கேப்பாங்க. மொதல்ல வெளக்கி சொல்லிட்டிருந்தேன். இப்போ மலையாளம்னு சொல்லிடுறேன். அதோட விட்டுடுவாங்க."

தம்பி பேசுவானா என்று கேட்டேன். "அவனுக்குப் புரியும் சார். பதில் மட்டும் தமிழ்ல சொல்லுவான்."

ஒரு மொழிக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அக்கா பேசுகிறாள், தம்பிக்குப் புரிகிறது. தம்பியின் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

மொழியியலாளர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. ஜெரார் டிஃப்ளோத் 1968-ல் இருளா பற்றி எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டின் தலைப்பே அதைத் தமிழின் நெருங்கிய உறவினர் என்கிறது. செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் 1973, 1979, 1982 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக இருளாவின் ஒலிகள், இலக்கணம், கதைகள் எல்லாவற்றையும் பதிவு செய்தார். அது ஒரே அச்சில் வார்த்த மொழியும் இல்லை. மேலெ நாடு, வெட்டெ காடு, ஊராளி, கசவா என்று வழக்குகள் பிரிகின்றன. நீலகிரிச் சரிவுகளிலும், கோவைப் பக்கத்து மலைகளிலும், கேரளத்தின் அட்டப்பாடியிலும் இடத்துக்கு இடம் மாறுகின்றன.

அதன் உயிரொலிகள்தான் என்னை மிகவும் ஈர்த்தவை. நாம் 'அது' என்று பேசும்போது கடைசி உகரத்தை உதடு குவிக்காமல் சொல்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அதைப் போல நாக்கை வாயின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து ஒலிக்கும் உயிர்கள் அங்கே சொல்லுக்குள்ளேயே வருகின்றன. அவற்றை எழுதத் தமிழில் எழுத்து இல்லை. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் பல இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. ஆனால் இந்த ஒலிகளுக்கு அங்கே குறி கிடையாது. சுவலபில் அந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயரை எழுதும்போது ரோமன் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்தார். நாம் 'இருளர்' என்று எழுதிவிட்டோம். அவர்கள் வாயில் அந்தப் பெயரின் முதல் ஒலி நம் இகரம் இல்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 2011-ல் தமிழ்நாட்டு இருளர்கள் சுமார் 1.9 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் மலையில் இல்லை. விழுப்புரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ச் சமவெளியில் இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றியும் அவர்கள் குடியிருப்புகள் உண்டு. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவர்களுடையது. 2023-ல் பத்மஸ்ரீ வாங்கிய மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அவர்களில் இருவர். சமவெளி இருளர் வீட்டில் பேசுவது தமிழ். ஆக, சாதிச் சான்றிதழில் 'இருளர்' என்று இருப்பதும், வாயில் இருளா இருப்பதும் வெவ்வேறு விஷயங்கள். லட்சத்தி தொண்ணூறாயிரத்தைப் பார்த்து மொழி பத்திரமாக இருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

தனி மொழியா, வட்டார வழக்கா என்ற கேள்வி உலகம் முழுக்க இருக்கிறது. பசிபிக்கில் பிரான்ஸின் ஆட்சியில் இருக்கும் நியூ கலிடோனியாவில், பூர்வகுடி கனாக் மக்களின் மொழிகளை 28 என்று எண்ணுகிறார்கள். வோ, கோனே பகுதியில் சில நூறு பேர் மட்டுமே பேசும் ஹவெகே, வமலே போன்றவற்றை ஒருவர் தனித்தனி மொழி என்பார், இன்னொருவர் ஒரே மொழியின் கிளைகள் என்பார். அதே பகுதியில்தான் 2013-ல் ஒரு பெரிய நிக்கல் உருக்காலை வந்தது. 2024-ல் உலையை அணைத்துவிட்டார்கள். ஆலை வருவதும் போவதும் அங்கேயும் நடக்கிறது. 1863 முதல் 1984 வரை பள்ளியில் அந்த மொழிகளுக்கு இடமில்லை. 1998-ல் நூமெயா ஒப்பந்தம் அவற்றைப் பிரெஞ்சோடு சேர்த்துக் கல்வி மொழிகள், பண்பாட்டு மொழிகள் என்று ஏற்றது. 2007-ல் கனாக் மொழிகளுக்கென்று ஓர் அகாதெமி வந்தது. எது மொழி, எது வழக்கு என்ற விவாதம் முடியட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நமக்கும் காத்திருக்கத் தேவையில்லை. அட்டப்பாடி நஞ்சியம்மா ஒரு மலையாளப் படத்துக்கு இருளாவில் பாடி, 2022-ல் அறிவித்த தேசிய விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகியானார். அந்தப் பாட்டைக் கேட்ட லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் அது தமிழா, மலையாளமா என்று கேட்டிருப்பார்கள்! அந்தப் பெண்ணின் அறைத்தோழிகள் கேட்ட அதே கேள்வி.

அடுத்த கணக்கெடுப்பு 2027-ல். இந்த முறை காகிதம் இல்லை, கைபேசிச் செயலி. தாய்மொழி என்றால் என்ன என்பதற்குக் கணக்கெடுப்பின் விளக்கம் மிக எளிது: குழந்தைப் பருவத்தில் தாய் நம்மிடம் பேசிய மொழி. சொல்வதை அப்படியே பதிய வேண்டும், அது மொழியா வழக்கா என்று கணக்கெடுப்பாளர் முடிவு செய்யக் கூடாது என்பதும் விதி. வகைப்படுத்துவது எல்லாம் அதற்குப் பிறகுதான். டப்பிங்குக்கு ஒரு வகை, பாடநூலுக்கு ஒரு வகை, அகராதிக்கு வேறொரு வகை. முதல் பதிலே 'தமிழ்' என்று விழுந்துவிட்டால் பிறகு எந்த வகையிலும் இருளாவைப் பிரித்து எடுக்க முடியாது. ஒன்றாக்கிய தரவை மறுபடி பிரிக்கிற மென்பொருள் எதுவும் கிடையாது.

அந்தப் பெண்ணிடம் கணக்கெடுக்க வந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "எங்க ஊருக்கு டீச்சர் வருவாங்க சார். அவங்க கேக்க மாட்டாங்க, தமிழ்னு அவங்களே போட்டுக்குவாங்க" என்றாள்.

"கேட்டா?"

"கேட்டா சொல்லுவேன் சார்."