இடப்பக்கம்

அம்பிட்டியவில் வாழ்வோர்க்கு வளைவுகள் புதியன அல்ல. கண்டி வாவிக்கரையை விட்டு ஏறத் தொடங்கினால், பாப்பரசர் 13ஆம் லியோவின் ஆணையால் 1893இல் தோன்றிய குருமடத்தையும் கடந்து, தலாத்துஓயா மட்டும் வீதி நெளிந்துகொண்டேயிருக்கும். அவ்வீதியில் முப்பது ஆண்டுகள் மோட்டார் வண்டி செலுத்திய கர்வம் நமக்குண்டு. அக்கர்வமே 2023இல் நம்மைத் தலைகுனிய வைத்தது.

ரொறன்ரோவிலிருந்து நம் தமக்கையார் மகன் மனைவியோடும் பெண் குழந்தையோடும் வந்திருந்தான். கனடாவில் பெற்ற சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரம் அவன் கையில் இருந்தது. "மாமா, இதைக் கொழும்பிலே காட்டி அங்கீகாரம் பெறவேண்டுமாமே?" என்றான்.

"யார் பார்க்கப் போகிறார்கள் தம்பி? தலாத்துஓயா என்ன தூரதேசமா?" என்று சொல்லி, நம் வண்டியின் சாவியையும் கொடுத்தோம்.

புறப்பட்டவுடன் ஒரு வேடிக்கை. திரும்புவதற்கு அவன் சைகை விளக்கைப் போட முயல, வெயிலிலே கண்ணாடி துடைப்பான் ஆடத் தொடங்கிற்று! ஜப்பானிய வண்டிகளில் சைகைக் கோல் வலக்கைப் பக்கம். அவன் பழகியதோ இடக்கைப் பக்கம். எல்லோரும் சிரித்தோம். கைக்கு ஒரு ஞாபகம் உண்டு, அது தலையைக் கேட்பதில்லை என்று அப்போதே நாம் உணர்ந்திருக்க வேண்டும். 1967 செப்டெம்பர் 3ஆம் நாள் சுவீடன் தேசம் இடப்பக்கத்தை விட்டு வலப்பக்கத்துக்கு மாறிற்று. அதற்கென்று நாடெங்கும் எத்தனையோ காலம் பிரசாரம் செய்தார்கள். நாமோ ஒரு தேநீர்ப் பொழுதும் செலவிடவில்லை.

முன்னால் வண்டிகள் சென்றவரையில் பிழையில்லை. அவற்றைப் பின்பற்றினால் போதுமல்லவா? வெறுமையான வீதியே ஆபத்தானது. செவ்விளநீர் பருகுவதற்கு ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மீண்டும் புறப்பட்டபோது, வீதியில் ஒரு வண்டியுமில்லை. அவன் கைகள் தாமாகவே வலப்பக்கம் கொண்டுபோயின. நாம் பின்னாலிருந்த குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தோம்.

வளைவில் ஒரு லொறி தோன்றி, முன்விளக்கை மின்னிற்று. அவன் ஊரில் அதற்கு 'நீ முன்னே வா' என்று பொருளாம். இங்கேயோ 'நான் வருகிறேன், ஒதுங்கு' என்பதே வழக்கு. லொறிக்காரர் இடம் விடுகிறார் என்றெண்ணி அவன் வேகத்தைக் கூட்டினான்.

"இடப்பக்கம்! இடப்பக்கம்!" என்று கத்தினோம்.

லொறி ஒரு முழ தூரத்தில் நின்றது. சாரதி இறங்கி வந்தார். வசவு விழும் என்றே எதிர்பார்த்தோம். அவர் பின்னாசனத்திலிருந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய் லொறியைப் பின்னுக்கெடுத்து வழிவிட்டார். வைதிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. செல்லுபடியான அனுமதியில்லாதவன் செலுத்திய வண்டி மோதியிருந்தால், காப்புறுதி கை கொடுத்திருக்குமா? அந்த லொறிக்காரர் வீட்டுக்கு நாம் என்ன விடை சொல்லியிருப்போம்? பயலைக் குறை சொல்ல வழியில்லை. அவன் கேட்டான், தடுத்தது நாம்.

மறுநாட் காலை இருவருமாகக் கொழும்புக்கு ரயிலேறினோம். 1904இல் தோன்றிய இலங்கை மோட்டார் வாகனச் சங்கத்தில் அப்போது அவ்வங்கீகாரம் வழங்கிவந்தார்கள். சர்வதேசப் பத்திரம் சொந்த நாட்டு அனுமதிக்கு ஒரு மொழிபெயர்ப்பே. மூலம் இன்றி அது தனியே செல்லாது என்பதையும் அன்றுதான் அறிந்தோம். 2025 ஆகஸ்டில் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களம் வெளிநாட்டார்க்குத் தற்காலிக அனுமதி வழங்கக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே ஒரு கருமபீடம் திறந்துவிட்டது. இனி நம்மைப் போன்ற மாமன்மார் சாக்குச் சொல்வதற்கில்லை.

நாங்கள் வீடு திரும்பியபோது, குழந்தை ஒரு காகிதத்தில் இடப்பக்கம் நோக்கி அம்புக்குறி வரைந்து வண்டிக்குள் ஒட்டியிருந்தாள். மை மங்கிவிட்டது; நாம் இன்னும் அதை உரிக்கவில்லை.