பெட்டி பெட்டியாய் ஒரு கடல்

அன்னூரில் இருப்புப்பாதை இல்லை. ஆதலால், பாறை படிக்க அரியலூர் சென்ற எங்கள் பள்ளிப் பட்டாளம் முதலில் படித்தது சரக்கு வண்டியை! எண்ணத் தொடங்கிய பிள்ளைகள் 58-ஆம் பெட்டியில்தான் மூச்சுவிட்டனர். அத்தனையும் சிமெண்ட்.

சிமெண்ட் எதிலிருந்து? சுண்ணாம்புக்கல்லிலிருந்து. அக்கல்? ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளின் ஓடு! ஆம், அந்தக் கடல்தான் எங்கள் கண்முன் உருண்டோடியது.

இப்பகுதிப் பாறைகளில் அம்மோனைட் என்னும் அழிந்துபட்ட கடலுயிரின் சுருளோடும் கிடைக்கிறது. அவ்வினத்தின் சுருளே நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைத்தால் சாளக்கிராமம், திருமாலின் சக்கரம்! சூத்திரனும் பெண்ணும் தொடலாகாது என்று சாத்திரம் பேசியோரும் உண்டு. அரியலூரில் அகப்பட்டாலோ, ஆலைக்கு அரைபொருள்!

ஓடைக்கரையில் கிடந்த ஒன்றை, களையெடுக்கும் தாயின் மகள் எடுத்துத் துடைத்து, விரலால் சுருளை அளந்தாள். தீட்டு எதுவும் எழுந்து வரவில்லை, கேள்விதான் வந்தது. “இது எதைத் தின்னு வாழ்ந்துச்சுங்க ஐயா?” சிறு கடலுயிர்களை என்றோம்.

சிமெண்ட் வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் வகுப்பறைச் சுவரே அதனால்தான் நிற்கிறது. வெடிவைக்குமுன் நிலவியல் அறிந்தோர் ஒருமுறை பார்த்து, அரியவற்றை அருங்காட்சியகத்துக்கு எடுத்துவைக்கட்டும் என்கிறோம். சுருளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அச்சிறுமி கேட்டாள்: “அந்த அம்பத்தெட்டுப் பெட்டியிலே இந்த மாதிரி எத்தனை அரைபட்டுப் போயிருக்குமுங்க?”