இருபது மில்லிமீட்டர்

மோட்டார் சைக்கிள் வாங்குவோர் கையில் கொடுக்கப்படும் விவரத்தாளில் 'இருக்கை உயரம்' என்றொரு வரி உண்டு. பெரும்பாலோர் மைலேஜையும் விலையையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவர். 151 சென்டிமீட்டர் உயரமுள்ள நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர். ஆகவே என்னைக் குள்ளம் என்பதைவிடச் சராசரி என்பதே பொருந்தும். உயரமாய் இருப்பது வண்டிதான்.

தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போனபோது விட்டுச்சென்ற கிளாசிக் 350 எங்கள் ஸ்கெலட்டன் வீட்டு வாசலில் நின்றது. இருக்கை உயரம் 805 மில்லிமீட்டர், எடை 195 கிலோ. புல்லட்டின் வம்சம் அது. 1950-களில் இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்காக வாங்கத் தொடங்கி, 1955 முதல் சென்னையில் உருவான வண்டி. அதன் மீது அமரப்போகும் உடல் எது என்பதில் வடிவமைத்தோருக்கு ஐயம் எதுவும் இருந்திராது.

"ஸ்கூட்டி வாங்கிக்கோயேன்" என்று சொல்லாதவர் எங்கள் லைனில் இல்லை. என் ஆய்வு, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பின் தங்கவயல் குடும்பங்களின் வாழ்வைப் பற்றியது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், கோரமண்டல், ஆண்டர்சன்பேட்டை என்று லைன்கள் சிதறிக் கிடக்கின்றன. இடையில் சயனைடு மேடுகளை ஒட்டிய மண்தடங்கள், மழை அரித்த பள்ளங்கள். சிறு சக்கர வண்டி அங்கே படும் பாட்டை ஒரு பருவம் முழுதும் இரவல் ஸ்கூட்டரில் அனுபவித்திருக்கிறேன். பெரிய சக்கரம் வேண்டும். அது வாசலிலேயே நின்றது. தரையை எட்டாதது என் கால் மட்டுமே. சரிவில் நிறுத்தும்போது நுனிவிரல் வழுக்கினால் 195 கிலோ என் பக்கம் சாயும். தூக்கி நிறுத்த அங்கே ஆள் இருக்காது.

ஒரு கடையில் கேட்டபோது அரை மணி நேர வேலை என்றார்கள். பின் ஷாக் அப்சார்பரின் கீழ்க்கண்ணில் ஓர் இரும்புப் பட்டையைப் பற்றவைத்து, போல்ட் துளையை இடம் மாற்றிவிட்டால் வண்டி தானாக இறங்கிவிடுமாம். நம்மூரில் பலர் செய்துகொள்வதும் இதுதான். பெரியப்பாவிடம் சொன்னேன். சுரங்கத்தில் கூண்டை இறக்கி ஏற்றும் வைண்டிங் எஞ்சின் பிரிவில் ஃபிட்டராக இருந்தவர் அவர். பேச்சு வாராமல் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "எவ்ளோ நீட்டமா இருக்குதுன்னு பாக்காத பாப்பா. முழுசா அமுங்குனா எவ்ளோ இருக்கும், அதப் பாரு" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முழுதும் அடங்கியிருக்கிறது. ஷாக் அப்சார்பருக்கு இரண்டு நீளங்கள்: தளர்ந்து நிற்கும்போது ஒன்று, பள்ளத்தில் விழுந்து முற்றிலும் அமுங்கும்போது மற்றொன்று. பட்டை வைத்து இறக்கினால் இரண்டுமே குறைகின்றன. நின்ற நிலையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கும் நாளில், சக்கரம் முன்பு போகாத உயரத்துக்குப் போய் மட்கார்டின் உட்புறத்தை உரசும். டயர் அங்கே ஒரு கணம் பிடிபட்டாலும் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனவே தளர்ந்த நீளம் மட்டும் குறைய வேண்டும், அமுங்கிய நீளம் பழையதற்குக் குறையக் கூடாது. உள்ளே ஒரு வளையம் செருகி இதைச் செய்வதுண்டு. ஆனால் அழுத்தத்தில் வாயு அடைத்த உருளையை வீட்டில் திறப்பது தற்கொலைக்குச் சமம். பெரியப்பா அதைத் தொடவே விடவில்லை.

முதலில் செலவில்லாத வேலையைப் பார்த்தோம். ஷாக் அப்சார்பரின் அடியில் ஸ்பிரிங் இறுக்கத்தை மாற்றும் வளையத்தில் ஆறு படிகள் உண்டு. கடைசித் தளர்ச்சிக்கு அதைத் திருப்பினோம். இதனால் ஸ்பிரிங் மென்மையாவதில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பலரும் அப்படி நம்புகிறார்கள். வண்டி நிற்கும் உயரம் மட்டும் சற்று இறங்கும். அடுத்து இருக்கை. ஃபோமை 25 மில்லிமீட்டர் சீவியதோடு, தொடைகள் இறங்கும் முன்பகுதியின் இரு ஓரங்களையும் ஒடுக்கச் சொன்னோம். பயன் மிகுதியாய்க் கிடைத்தது இந்த ஒடுக்கலால்தான். கால் நேராகத் தரைக்கு இறங்குவதில்லை, இருக்கையின் அகலத்தைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. விவரத்தாளின் எண் இந்தச் சுற்றுவழியைக் கணக்கில் கொள்வதில்லை.

அதன் பிறகே ஷாக் அப்சார்பர். 20 மில்லிமீட்டர் நீளம் குறைந்த, அசைவு தூரமும் அதே அளவு குறைந்த, அதே சுமைக்கான ஒரு ஜோடியை வாங்கினோம். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்துக்கு அடியில் பலகைகளை அடுக்கித் தாங்கவைத்து, இரண்டு பக்கத்தையும் ஒருசேரக் கழற்றினோம். ஒரு பக்கம் பழையதும் மறு பக்கம் புதியதுமாக இருந்தால் துளைகள் நேர்ப்படா. போல்ட்டுகளை டார்க் ரென்ச்சால், கையேட்டில் கண்ட அளவுக்கு இறுக்கினோம். செயின் தளர்வை ஆள் உட்கார்ந்த நிலையில் மறுபடி பார்த்தோம். மட்கார்டின் உட்புறத்தில் ஈரக் களிமண் உருண்டைகளை ஒட்டி, கனத்த உடம்புக்காரர்கள் இருவரை ஏற்றி வேகத்தடை மீது ஓட்டச் செய்தார் பெரியப்பா. திரும்பி வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தார். களிமண்ணில் டயரின் தடம் இல்லை. ஆட்கள் இறங்கும் கூண்டின் கயிற்றை நாள்தோறும் பார்த்துப் பழகிய கண் அது.

ஷாக் அப்சார்பர் 20 மில்லிமீட்டர் குறைந்தால் இருக்கையும் 20 இறங்கும் என்று எண்ண வேண்டாம். ஷாக் சாய்ந்து நிற்பதால் அச்சு ஏறத்தாழ 22 ஏறும். நாம் உட்காரும் இடமோ இரு சக்கரங்களுக்கும் இடையே, பின் அச்சிலிருந்து தோராயமாக மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் இருக்கிறது. ஆகையால் அதற்குக் கிடைப்பது அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 15 மில்லிமீட்டர். ஃபோமின் 25-ஐச் சேர்த்தால் 40. 805 என்பது 765 ஆயிற்று. அதே நிறுவனத்தின் மீட்டியார் 350-க்கு அச்சிட்டிருக்கும் உயரமும் 765தான். இப்போது இரு கால்களின் முன்பாதமும் தரையில் ஊன்றுகின்றன. குதிகால் படவில்லை, பட வேண்டிய தேவையும் இல்லை.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். இரு அச்சுகளுக்கும் இடையே 1390 மில்லிமீட்டர் உள்ள வண்டியில் பின்புறம் 22 இறங்கினால் வண்டி முழுதும் ஏறத்தாழ ஒரு பாகை பின்சாயும். ஹெட்லைட்டின் ஒளி 25 மீட்டர் தொலைவில் 40 சென்டிமீட்டர் மேலெழும். பங்காருபேட்டைச் சாலையில் எதிரே வருபவரின் கண்ணுக்கு அது நேர். எனவே முதல் மாலையே விளக்கைத் தாழ்த்தினோம். முன் ஃபோர்க்கும் சற்றுப் படுத்துவிடுவதால், மெதுவாகத் திருப்பும்போது கைப்பிடி முன்னைவிடக் கனக்கிறது. சைடு ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருந்தால் வண்டி நிமிர்ந்து நின்று, லேசான சரிவிலும் மறுபக்கம் கவிழும். அதில் ஒரு சென்டிமீட்டர் வெட்டினோம். நடு ஸ்டாண்டில் ஏற்ற, பின் சக்கரத்துக்கு ஒரு பலகை வைக்க வேண்டியிருக்கிறது. அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே 170 மில்லிமீட்டர் இருந்தது, அது 160-க்கும் கீழே போய்விட்டது. அசைவு தூரம் குறைந்ததால் மண்தடத்தில் வேகத்தையும் குறைத்தாயிற்று.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. நாங்கள் சட்டகத்தில் கை வைக்கவில்லை. கழற்றிய ஜோடி கிரீஸ் பூசிய துணியில் சுற்றிப் பரணில் இருக்கிறது. தம்பி 175 சென்டிமீட்டர், வந்தால் அவனுக்கு அது வேண்டும்.

இந்த ஏற்பாடு தனியாக ஓட்டும் 48 கிலோ உடம்புக்கானது. அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைச் சந்தைக்குப் போகும் நாட்களில் ஸ்பிரிங் வளையத்தை இரண்டு படி இறுக்க வேண்டும். அதற்கான சாவி வண்டியின் கருவிப் பையிலேயே இருக்கிறது. திருப்ப ஐந்து நிமிடம் ஆகும்.