ஒன்பது கட்டங்கள்

ஷூபர்ட்டின் கடைசிப் பியானோ ஸொனாட்டாவை எத்தனை பேர் வாசித்துக் கேட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. அவர்களுடைய ஸ்வரக் காகிதத்தையும் விரலை வைத்துத் தடவித் தடவித்தான் படிப்பேன். ஆனாலும் இந்த ஒரு ஸொனாட்டா விஷயத்தில் யாராவது அபிப்பிராயம் கேட்டால், ஏன், கேட்காவிட்டாலும்கூட, சொல்லாமல் இருக்க முடிவதில்லை. வீட்டில் இதை ஒரு வியாதி என்றே தீர்மானித்துவிட்டார்கள்.

"மேல்நாட்டுச் சங்கீதத்தில்தான் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடுகிறார்களே, பிறகு ஆளுக்கு ஆள் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் வித்வான் ஒரு கீர்த்தனத்தை எடுத்துக்கொண்டால் நிரவல், ஸ்வரம் என்று தன் கைச்சரக்கையும் சேர்த்துக் கொட்டலாம். அங்கே அந்தச் சலுகை கிடையாது. ஆனால் நாடகத்தில் 'நீ போ' என்று இரண்டு வார்த்தை எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நடிகன் அதைக் கோபமாகச் சொல்வான். இன்னொருவன் 'போகாதே' என்று அர்த்தமாகும்படி சொல்வான். எழுத்து என்னவோ அதே எழுத்துதான்.

இந்த ஸொனாட்டாவில் தகராறு அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டது. எழுதியிருப்பதை எப்படிச் சொல்வது என்பது மட்டுமல்ல, சொல்லத்தான் வேண்டுமா என்பதே தகராறு.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஷூபர்ட் இதன் சுத்தப் பிரதியை எழுதி முடித்துத் தேதி போட்டது 1828 செப்டம்பர் 26. வயது முப்பத்தொன்று. உடம்பு சரியில்லை. வைத்தியர் யோசனைப்படி அந்த மாதம்தான் வியன்னாவின் புறநகர் ஒன்றில் அண்ணன் ஃபெர்டினாண்டின் வீட்டுக்கு ஜாகை மாறியிருந்தார். நவம்பர் 19-ம் தேதி அந்த வீட்டிலேயே காலமாகிவிட்டார். நடுவில் ஐம்பத்து நான்கே நாள். இதையும் இதற்கு முந்திய இரண்டு ஸொனாட்டாக்களையும் ஹும்மல் என்ற பெரிய பியானோ வித்வானுக்குச் சமர்ப்பணம் செய்ய நினைத்து, அக்டோபரில் ஒரு பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். பலிக்கவில்லை. அச்சேறச் சுமார் பத்து வருஷம் ஆயிற்று. அதற்குள் ஹும்மலும் போய்விட்டார். ஆகவே வேறொரு பதிப்பாளர் ஷூமானின் பெயரைப் போட்டு வெளியிட்டார். செத்துப்போன ஆசிரியனைக் கேட்டுக்கொண்டா செய்ய முடியும்?

முதல் பாகத்தின் ஆரம்பம் உலகப் பிரசித்தம். இரண்டு கையும் நெருக்கமாக, மிக மெதுவான தொனியில், நாலு பேர் சேர்ந்து வாய்க்குள் பாடுவது போல ஒரு மெட்டு. கோயில் பாட்டு மாதிரியும் இருக்கும், சாயங்காலம் தனியே நடந்து போகிறவன் முனகுவது மாதிரியும் இருக்கும். ஏழு கட்டம் இப்படி நிம்மதியாகப் போகிறது. (அவர்கள் தாளத்தைக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். அதைத்தான் சொல்கிறேன்.) எட்டாவது கட்டத்தில், அடி ஸ்தாயியில், ஒரு நடுக்கம். ட்ரில் என்பார்கள். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களை மாற்றி மாற்றி வேகமாகத் தொடுவது. அதுவும் மிக மெதுவான தொனியில்தான். எங்கோ அடிவானத்தில் இடி உருளுகிற மாதிரி இருக்கும். பிறகு மௌனம். அப்புறம், ஒன்றுமே நடக்காதது போல, அந்த மெட்டு மறுபடியும் தொடரும். மொத்த ஸொனாட்டாவும் அந்த எட்டாவது கட்டத்துக்குப் பயந்துகொண்டே நடக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இனி தகராறு. இந்தப் பாகத்தின் முதல் பகுதி ஐந்தாறு நிமிஷம் ஓடும். அது முடியும் இடத்தில், 'முதலிலிருந்து இன்னொரு தரம் வாசி' என்று குறி போட்டிருக்கிறது. அந்தக் காலத்து வழக்கம் அது. பெரும்பாலான ஸொனாட்டாக்களில் இரண்டு புள்ளியும் ஒரு கோடுமாகப் போட்டு விஷயத்தை முடித்துவிடுவார்கள். ஷூபர்ட் இங்கே அப்படி விடவில்லை. திரும்பிப் போவதற்கென்று தனியாக ஒன்பது கட்டம் எழுதினார். திரும்ப வாசித்தால்தான் அந்த ஒன்பதும் வரும். நேரே மேலே போய்விட்டால் அவை காகிதத்தோடு சரி.

அந்த ஒன்பதில் என்ன இருக்கிறது என்றால், அதுவரை கேட்டிராத விஷயம் இருக்கிறது. தயங்கித் தயங்கி, வெட்டி வெட்டி ஏதோ பேச வருகிறது. கடைசியில் அந்த அடி ஸ்தாயி நடுக்கம் முழு பலத்தோடு உறுமுகிறது. மற்ற இடங்களில் எல்லாம் தூரத்து இடியாகவே இருந்தது, இந்த ஒரே இடத்தில் வீட்டுக் கூரை மேல் விழுகிறது. உடனே அந்தச் சாந்தமான மெட்டு, முதலிலிருந்து.

ஆர்த்தர் ஷ்னாபெல் 1939-ல் இதைத் தட்டில் பதிவு செய்தார். திரும்ப வாசிக்கவில்லை. அந்த நாள் தட்டில் ஒரு பக்கம் நாலு, நாலரை நிமிஷத்துக்கு மேல் ஓடாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். சிறு வயதில் அவருடைய குருவான லெஷெடிட்ஸ்கி, "நீ ஒருநாளும் பியானோக்காரனாக மாட்டாய், நீ சங்கீதக்காரன்" என்ற அர்த்தத்தில் சொல்லி, யாரும் சீண்டாமல் கிடந்த ஷூபர்ட் ஸொனாட்டாக்களின் பக்கம் திருப்பிவிட்டாராம். இவற்றைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தவர்களில் ஷ்னாபெல் முக்கியமானவர். விரல் அங்கங்கே தடுக்கும். ஆனால் மெட்டு பேசும். வயதான மனுஷர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, தமக்குத் தெரிந்த குடும்பத்தின் கதையைச் சொல்வது போல இருக்கும். அவருக்கு அந்த இடி புதிதல்ல. 'ஆமாம், அதுவும் உண்டு' என்று சொல்லிவிட்டு மேலே போகிறார்.

ஸ்வியாதொஸ்லாவ் ரிக்டர் விஷயமே வேறு. 1972-ல் அவர் செய்த பதிவில் முதல் பாகம் மட்டும் இருபத்து நாலு நிமிஷத்துக்கு மேல். குறி போட்டபடி திரும்ப வாசிக்கிறார், ஒன்பது கட்டத்தையும் வாசிக்கிறார். ஆனால் அந்தக் காலப்பிரமாணம் இருக்கிறதே, அப்பா! 'மிதமாக' என்று ஷூபர்ட் எழுதியதை இவர் 'நின்றுகொண்டே' என்று படித்தாரோ என்று தோன்றும். கானடாக்காரரான க்ளென் கூல்ட் 1957-ல் மாஸ்கோ போயிருந்தபோது ரிக்டர் இதை வாசித்துக் கேட்டார். ஷூபர்ட் சொன்னதையே சொல்கிறவர் என்று கூல்டுக்குப் பொறுமையே கிடையாது. அப்பேர்ப்பட்டவர், ரிக்டர் ஆரம்பித்த வேகத்தைக் கேட்டுத் திடுக்கிட்டுப் போய், அதற்கப்புறம் சுமார் ஒரு மணி நேரம் மயக்கத்தில் இருந்ததாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். எனக்கும் அந்த அனுபவம் உண்டு. ரிக்டர் வாசிக்கும்போது மெட்டு நகர்வது தெரியாது. சுவரில் வெயில் இறங்குகிற மாதிரி, பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியாது, கொஞ்சம் கழித்துப் பார்த்தால் இறங்கியிருக்கும். இதைத் தினம் கேட்க முடியாது. வருஷத்துக்கு ஒரு தரம் போதும்.

கெம்ப்ஃப் 1967-ல் வாசித்தது, பின்னால் மிட்சுகோ உச்சிடா வியன்னாவிலேயே வாசித்தது, இரண்டும் திரும்ப வாசிக்கிற கட்சி. இரண்டும் அழகு. கெம்ப்ஃப் கொஞ்சம் அதிகமாகவே சமாதானப்படுத்துகிறார் என்பது என் குறை.

எதிர்க்கட்சியின் தலைவர் ஆல்ஃப்ரெட் ப்ரெண்டல். 2025 ஜூனில் காலமானார். மேடையில் பியானோ, வீட்டில் கட்டுரையும் கவிதையும் என்று வாழ்ந்தவர். ஆகவே ஒரு காரியத்தைச் செய்தால் ஏன் செய்தேன் என்று எழுதியும் வைப்பார். இந்த ஸொனாட்டாவைப் பல தரம் பதிவு செய்தார், 2008-ல் ஓய்வு பெறுமுன் கடைசித் தனிக் கச்சேரிகளிலும் வாசித்தார். அந்த ஒன்பது கட்டத்தை ஏற்கவே இல்லை. அவர் வாதம் சுருக்கமாக இது: அந்த ஒன்பதில் வருகிற விஷயம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை, மொத்தத்தின் அமைதியோடு அது ஒட்டவில்லை, எல்லா இடத்திலும் மர்மமாகத் தூரத்தில் இருக்கிற நடுக்கத்தை இங்கே உரக்கக் கத்தவிட்டு மர்மத்தைக் காட்டிக்கொடுக்கிறது. 1989-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் இதைப் பற்றி ஒருவர் மறுத்து எழுத, இவர் பதில் எழுத, ஒன்பது கட்டத்துக்காகப் படித்தவர்கள் சண்டை போட்டார்கள்.

எனக்கு இதில் சொந்த வழக்கு ஒன்று இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. பெயர் வேண்டாம். அதில் எப்போதும் அடங்கிப் பேசுகிற ஒரு மாமியார், ஓர் அத்தியாயத்தில் காரணமே சொல்லாமல் பித்தளைக் குடத்தைத் தூக்கி முற்றத்தில் எறிவாள். இரண்டு பாராதான். அச்சில் அந்த இரண்டு பாராவும் இல்லை. கேட்டதற்கு, "அந்த அம்மாளின் குணத்துக்குப் பொருந்தவில்லை, ஸார்" என்றார் உதவி ஆசிரியர். மரியாதையான மனுஷர், கதையை நன்றாகப் படித்திருந்தார். அதுதான் கஷ்டம். படிக்காமல் வெட்டினவனோடு சண்டை போடலாம், படித்து ரசித்துவிட்டு வெட்டினவனை என்ன செய்வது? வாசகர்களில் ஒருவர்கூடக் குடம் எங்கே என்று கேட்கவில்லை. அந்த மாமியாரின் பொறுமையைப் பாராட்டித்தான் கடிதங்கள் வந்தன.

ப்ரெண்டலும் அப்படித்தான். அவருக்குத் தெரியாத ஷூபர்ட்டா? முதல் பகுதி முடிந்து அவர் நேரே அடுத்த பகுதிக்குப் போகும்போது, சுருதி ஒரு நொடியில் எங்கோ தொலைதூரத்துக்கு மாறிவிடுகிறது. வெளிச்சமான கூடத்திலிருந்து கதவைத் திறந்தால் பனி. அந்த இடத்தை அவரைப் போல வாசித்தவர் இல்லை. ஆனாலும் குடத்தை எடுத்தவர் எடுத்தவர்தான்.

என் வாதம் இரண்டு. ஒன்று, எழுதுகிறவனுடைய கை சம்பந்தப்பட்டது. உடம்பு சரியில்லாத ஒருவன், மூன்று பெரிய ஸொனாட்டாக்களைச் சுத்தப் பிரதி எடுக்கிறான். இரண்டு புள்ளி போட்டால் முடிகிற காரியத்துக்கு ஒன்பது கட்டம் மையைச் செலவழிக்கிறான். சோம்பலினால் ஒருவன் வார்த்தையை விட்டுவிடலாம். சோம்பலினால் யாரும் ஒன்பது கட்டம் கூட எழுதமாட்டான்.

இரண்டாவது, அந்த உறுமலுக்கு அப்புறம் வருகிற மெட்டு. காகிதத்தில் அது முதல் தடவை வந்த அதே மெட்டு, ஒரு ஸ்வரம் மாற்றமில்லை. நம் கச்சேரியில் பல்லவி வரியைத் திரும்பப் பாடும்போது சங்கதி மாறும். இங்கே மாறாது. மாறுவது கேட்கிறவன்தான். முதல் தடவை எட்டாவது கட்டத்து நடுக்கம் வந்தபோது அது என்னவென்று தெரியாது. இரண்டாம் தடவை அதே நடுக்கம் அதே மெதுவான தொனியில் வரும்போது, அதற்குக் கத்தவும் தெரியும் என்பது நமக்குத் தெரியும். அதனால் அந்த மெதுவே பயங்கரமாகிவிடுகிறது. மர்மம் கெட்டுவிடுகிறது என்கிறார் ப்ரெண்டல். எனக்கோ அங்கேதான் மர்மமே ஆரம்பமாகிறது.

ஆனால் இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு சங்கடம் பாக்கி இருக்கிறது. ரிக்டர் ஒரு கட்டத்தையும் விடவில்லை, ஆனால் நேரத்தையே தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டார். ப்ரெண்டல் நேரத்தை ஷூபர்ட் சொன்னபடி வைத்துக்கொண்டு ஒன்பது கட்டத்தை எடுத்துவிட்டார். இதில் யார் விசுவாசி? குறி போட்டபடி எல்லாவற்றையும் ஒழுங்காக வாசிக்கிற சிலரையும் கேட்டிருக்கிறேன். அந்த ஒன்பது கட்டம் வரும், பரீட்சைக் கேள்விக்குப் பதில் எழுதினது போல வரும், போகும். அவர்களைவிட ப்ரெண்டலின் வெட்டுப்பட்ட ஸொனாட்டா எனக்கு மேல். ராத்திரி தூக்கம் வராவிட்டால் நான் போட்டுக்கொள்வது அவருடையதைத்தான்.

ஆந்திராஷ் ஷிஃப் ஹங்கேரிக்காரர், திரும்ப வாசிக்கிற கட்சியில் தீவிரவாதி. வியன்னாவில் சுமார் 1820-ல் ப்ரோட்மன் என்பவர் செய்த பழைய பியானோ ஒன்றில் இதை வாசித்து, 2015-ல் பதிவு வெளிவந்தது. இப்போதைய பியானோ மாதிரி அதில் அடி ஸ்தாயி கும்மென்று நிறையாது. மரமும் கம்பியும் தனித்தனியே கேட்கும். ஷூபர்ட்டின் காதில் விழுந்த சத்தம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நான் முதன்முதல் அதைப் போட்டபோது பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். எட்டாவது கட்டத்தில் தலையைத் தூக்காமலே, "வாசல்ல லாரியா தாத்தா?" என்றாள். இல்லை என்றேன். ஐந்தாறு நிமிஷம் போயிற்று. அந்த ஒன்பது கட்டம் வந்து, பழைய பியானோவின் வயிற்றுக்குள்ளிருந்து உறுமல் கிளம்பியபோது பென்சிலை வைத்துவிட்டாள். மெட்டு மறுபடியும் ஆரம்பித்தது.

"திருப்பியும் மொதல்லேர்ந்தா? நீ ஏதாவது அமுக்கிட்டியா?"

"நான் ஒண்ணும் அமுக்கலை. அவர் எழுதினதே அப்படி."

ஏழு கட்டம் போயிற்று. எட்டாவது வருவதற்குக் கொஞ்சம் முன்பே அவள் தன் பாயை என் நாற்காலிப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.