கண்ணாடிக் கிண்ணத்து மீன்

பெருநாள் காசு கையில் கிடைத்ததும் பிள்ளைகள் வாங்கி வரும் பொருட்களில் தங்கமீனும் சேர்ந்துவிட்டது. பொலித்தீன் பையில் இரண்டு மீன், கூடவே ஓர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம், ஒரு சிறு போத்தலில் இரை. ஒரு வாரம் கழிந்ததும், "உம்மா, மீன் மௌத்தாப் போச்சு" என்று அழுகை. மறுநாள் வாப்பா வேறு இரண்டு வாங்கி வருவார்.

பிள்ளைகள் பிராணி வளர்ப்பதில் தவறில்லை. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியை வைத்திருந்ததும், அதைப்பற்றி நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அன்போடு விசாரித்ததும் ஹதீஸில் வருகிறது. பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவு கொடுக்காமல், தேடித் தின்னவும் விடாமல் சாகவைத்த பெண்ணின் செய்தியும் ஹதீஸில்தான் இருக்கிறது. மீன் வளர்ப்பவர்களுக்கு இந்த இரண்டாவது செய்தி இன்னும் நெருக்கமானது என்று எனக்குப் படுகிறது. பூனையாவது கத்தும்.

"மீன் தொட்டியின் அளவுக்குத்தான் வளரும், சின்னக் கிண்ணம் போதும்" என்று கடைகளில் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். தங்கமீன் 15 சென்டிமீற்றருக்கு மேல் வளரக்கூடியது. ஒழுங்காகப் பார்த்தால் 10 வருடங்களுக்கு மேல் வாழும். கிண்ணத்தில் அது குட்டையாக நிற்பது, தன் கழிவு கலந்த நீரிலேயே மூச்சுவிட்டு நலிந்து போவதால்.

மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளிவிடுகிறது. மிஞ்சிக் கிடக்கும் இரையும் அழுகி அதனோடு சேரும். இந்த அமோனியாதான் செவுளைப் புண்ணாக்குகிறது. வடிகட்டியின் பஞ்சில் குடியேறும் ஒரு வகை பக்டீரியா இதை நைத்திரைற்றாக மாற்ற, இன்னொரு வகை அதனை அவ்வளவு தீங்கில்லாத நைத்திரேற்றாக மாற்றுகிறது. இவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். புதுத் தொட்டியில் மீன்கள் சாவது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான். ஆகவே முதலில் ஒன்றிரண்டு மீன்கள் மட்டும் விட்டு, இரையையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நமக்குச் சுத்தம் என்றால் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவுவது. ஒரு தடவை எங்கள் மாமி, பாவம், உதவி செய்வதாக நினைத்து வடிகட்டிப் பஞ்சைச் சவர்க்காரம் போட்டுக் கழுவத் தொடங்கினார். நல்லவேளை, நான் குசினியிலிருந்து ஓடி வந்தேன். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிந்தால் போதும். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். குழாய் நீர் என்றால் குளோரின் நீங்க முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வையுங்கள்.

இரையில் கை தாராளமாகிவிடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவை ஒரு நாளில் இரண்டு தடவை கொடுங்கள். மீன் எப்போதும் பசித்ததுபோல மேலே வரும், பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் இரைப் போத்தல் பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் இருக்கிறது.

இடம் குறைந்த வீடுகளுக்குக் கப்பி நல்லது. ஏறக்குறைய நாலு வாரங்களுக்கு ஒருமுறை குஞ்சு ஈனும். தாயே குஞ்சைத் தின்றுவிடுமாதலால் உடனே பிரித்துவிட வேண்டும். ஒரே தாயின் குஞ்சுகளை நான் இரண்டு சம அளவான தொட்டிகளில் விட்டுப் பார்த்தேன். ஒன்றில் பத்து, மற்றதில் முப்பது. குஞ்சுகளுக்கேற்ற அளவில் ஒரே இரையை, அவித்த முட்டை மஞ்சட்கருவிலும் நொறுக்கிய இரையிலும் சிட்டிகை சிட்டிகையாக, நாளுக்கு நாலு தடவை கொடுத்தேன். பத்துக் குஞ்சுகளின் நீரை இரண்டு நாளுக்கொருமுறை கொஞ்சம் மாற்றினேன். மற்றதை வாரம் ஒருமுறை. ஒன்றரை மாதத்தில் பத்தும் வால் விரிந்து நிறம் எடுத்தன. முப்பதில் பாதிக்கு மேல் இன்னும் ஈர்க்குத் துண்டுபோலவே இருந்தன. அவற்றைப் பிரித்துப் பெரிய தொட்டிகளில் விட்ட பிறகே தேறத் தொடங்கின.

முற்றத்துத் தொட்டியில் விட்டால் கப்பி நுளம்புக் குடம்பிகளையும் தின்றுவிடும். மாற்றி எடுக்கும் நீரை வீசிவிடாதீர்கள். அதிலுள்ள நைத்திரேற்று செடிக்கு உரம்; எங்கள் கறிவேப்பிலைக் கன்று அதில்தான் தளிர்க்கிறது.