பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள்

"சாப்பாடு வெச்சிருக்கெண்டு வாப்பாக்கிட்ட சொல்லு மகன்."

"எனக்குப் பசிக்கல்லயாம் எண்டு உம்மாக்கிட்ட சொல்லு."

இரண்டு பேருக்கும் இடையில் பத்தடி தூரம்கூட இல்லை. ஆனால் பேச்சு பிள்ளை வழியாகத்தான் போகிறது. எங்கட வீடுகளில் இது புதுக் காட்சி இல்லை. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதும் இல்லை.

தரம் 4, 5 பிள்ளைகளோடு நாள் முழுக்க இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தூது போகிற பிள்ளை வார்த்தையை மட்டும் கொண்டு போவதில்லை. சொன்னவரின் முகத்தையும் பார்க்கிறது, கேட்டவரின் முகத்தையும் பார்க்கிறது. சண்டை கூடிவிடுமோ என்ற பயத்தில் கடுமையான சொல்லைத் தானாகவே மாற்றிச் சொல்லப் பழகுகிறது. சில நேரம் சொல்லாமலே விட்டுவிட்டு, "சொல்லிட்டேன்" என்று பொய் சொல்கிறது. அடுத்த நாள் வகுப்பில் கணக்குக் கொப்பி திறந்திருக்கும், கண் ஜன்னலில் இருக்கும்.

ஒரு நாள் மாணவன் ஒருவன் நான் எதுவும் கேட்காமலே வந்து, "டீச்சர், இப்ப ரெண்டு பேரும் கதைக்கிறாங்க" என்றான். அன்றைக்கு அவனுடைய எழுத்தே வேறு மாதிரி இருந்தது.

வாப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இன்னும் மோசம். போனைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "காசு ஏன் இன்னும் வரல்லயெண்டு கேளு" என்கிறோம். வாப்பாவோடு கதைக்கக் கிடைக்கிற பத்து நிமிடமும் அந்தப் பிள்ளைக்குக் கடன் கணக்கில் முடிந்துவிடுகிறது.

கணவன் மனைவி பிணக்கு முற்றினால் அவருடைய குடும்பத்தில் ஒருவர், இவருடைய குடும்பத்தில் ஒருவர் என்று நடுவர் வைக்கும்படி சூரா அந்நிஸாவின் 35வது வசனம் வழிகாட்டுகிறது. காதி நீதிமன்றப் படி ஏறுவதற்கு முன்னால் ஒரு சாச்சாவும் ஒரு மாமாவும் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடிய பிரச்சினைகள் எத்தனையோ. ஆனால் அது விஷயம் தெரிந்த பெரியவர்களின் வேலை. ஒன்பது வயதுப் பிள்ளையின் வேலை அல்ல.

நேரே பேச மனம் வரவில்லையா? ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று முழு வாழ்க்கையையும் இழுக்காமல், "நேத்து லேட்டாகுமெண்டு ஒரு கோல் எடுத்திருக்கலாம்" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியும். முதலாவதற்குச் சண்டை மட்டும்தான் பிடிக்க முடியும்.

இன்னொன்று. நாங்கள் சண்டையைப் பிள்ளைகளுக்கு முன்னால் பிடிக்கிறோம், சமாதானத்தை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறோம். பிள்ளை பார்ப்பது பாதிக் கதையைத்தான். கோபம் எப்படி வரும் என்று அதற்குத் தெரியும், எப்படித் தீரும் என்று தெரியாது. ஆகவே சமாதானமானதையும் அது பார்க்கட்டும். "இது எங்கட பிரச்சினை. உன்னால வந்ததில்ல. நாங்க பேசித் தீர்த்துட்டோம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்றிரவு அந்தப் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும்.